பட்டறைக் கேள்வி பதில்: ஆறு இஞ்சா, எட்டு இஞ்சா?

சென்ற இதழில் லேத் டூல் (கடைசல் மெஷினில் இரும்பைச் சீவுகிற வெட்டுக்கருவி) பற்றி எழுதியபோது, "கிரைண்டரில் சாணை பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. எங்கள் கோயம்புத்தூரில் கிரைண்டர் என்றால் மாவு அரைக்கிறதுதான் முதலில் ஞாபகம் வரும். இங்கே பேசப்போவது மேஜைமேல் போல்ட் போட்டு நிறுத்துகிற, மோட்டாரின் இரண்டு பக்கமும் சாணைக்கல் சுற்றுகிற பென்ச் கிரைண்டர். ஆறு இஞ்ச், எட்டு இஞ்ச் என்பது அந்தக் கல்லின் விட்டம். தொழிற்சாலை டூல் ரூமிலும், அப்புறம் கணபதி பகுதியில் சொந்தப் பட்டறையிலுமாக நாற்பது வருடத்துக்கு மேல் இதன் முன்னால் நின்றவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்து, ஐந்து வருடம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு லேத் போட்டிருக்கிறேன். டூல் பிடிக்க ஒவ்வொரு தடவையும் பக்கத்துப் பட்டறைக்கு ஓடுகிறேன். கடையில் 6 இஞ்ச் கிரைண்டர் 2,800 ரூபாய், 8 இஞ்ச் 7,500 ரூபாய் என்கிறார்கள். இரண்டு அட்டைப் பெட்டியிலும் அரை எச்.பி. என்றே போட்டிருக்கிறது. எதை வாங்குவது?
(வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: எட்டு இஞ்ச் வாங்குங்கள் தம்பி. கையில் காசு இல்லையென்றால் இன்னும் இரண்டு மாதம் பக்கத்துப் பட்டறைக்கே ஓடுங்கள், தப்பில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் அட்டைப் பெட்டியை விட்டுவிட்டு, மெஷினில் அடித்திருக்கிற தகட்டைப் படியுங்கள். ஒரு எச்.பி. என்பது 746 வாட். அரை எச்.பி. என்றால் 373 வாட் வரவேண்டும். மலிவான மெஷின்களில் பெட்டியில் அரை எச்.பி. என்று இருக்கும், தகட்டில் 150 வாட், 200 வாட் என்று இருக்கும். அதே தகட்டில் 'எஸ் 1' அல்லது 'எஸ் 2' என்று ஓர் எழுத்தும் இருக்கும். எஸ் 1 என்றால் நாள் முழுக்க ஓடலாம். 'எஸ் 2 30 நிமிடம்' என்றால் அரை மணி ஓட்டிவிட்டு ஆறவிட வேண்டும். 2,800 ரூபாய் மெஷினில் பெரும்பாலும் இந்த இரண்டாவது எழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன். வீட்டில் வைத்துத் தோட்டக் கத்தி தீட்டுகிறவருக்கு அது போதும். அரை இஞ்ச் டூல் பிட்டைப் புதிதாக உருவாக்கும்போது கொஞ்சம் அழுத்தினால் கல் நின்றுவிடும்.

அப்புறம் அளவு. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இந்த மோட்டார்கள் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுமாராகச் சுற்றும். 200 மில்லிமீட்டர் கல்லின் விளிம்பு அந்தச் சுற்றில் நொடிக்கு 30 மீட்டர் ஓடுகிறது. 150 மில்லிமீட்டர் கல் 22 மீட்டர் சொச்சம்தான். எட்டு இஞ்ச் கல் தேய்ந்து தேய்ந்து ஆறு இஞ்சுக்கு வரும்போதுதான், ஆறு இஞ்ச் மெஷின் புதிதாக வாங்கிய அன்று வெட்டுகிற அளவுக்கு வந்து நிற்கும். பெரிய கல்லில் டூலின் முகத்தில் விழுகிற குழிவும் குறைவு.

கடையில் மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகம் பிடித்ததும் மோட்டாரின் முதுகில் பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்துங்கள். அது நின்றால் மெஷின் நல்ல மெஷின். விழுந்தால் உடனே மெஷினைக் குறை சொல்லாதீர்கள், கல்லில் கோளாறு இருக்கலாம். இரண்டு கல்லையும் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் அதிர்ந்தால் ஷாஃப்ட்டிலோ பேரிங்கிலோ குறை. வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள். சுவிட்சை அணைத்த பிறகு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்றும் கவனியுங்கள். என் பட்டறை மெஷின் ஒன்றேகால் நிமிடம் சுற்றித்தான் நிற்கும். இருபது நொடியில் கரகரத்து நிற்கிற மெஷினில் ஏதோ பிடிக்கிறது.

கல்லுக்கு முன்னால் டூலைத் தாங்குகிற தட்டுதான் டூல் ரெஸ்ட். அதைக் கையால் அசைத்துப் பாருங்கள். தகடு வளைத்துச் செய்த ரெஸ்ட் விரல் அழுத்தத்துக்கே இறங்கும், அதில் கோணம் பிடிக்க முடியாது. வார்ப்பு ரெஸ்ட், தடியான போல்ட் இருப்பதாக வாங்குங்கள். நான் ஒரு மெஷினை விலை கேட்கும் முன்பே ரெஸ்ட்டைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

லேத்துக்காக த்ரீ பேஸ் லைன் எடுத்திருப்பீர்கள். அப்படியென்றால் கிரைண்டரும் த்ரீ பேஸிலேயே வாங்குங்கள். சிங்கிள் பேஸ் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டரின் தொல்லை இல்லை, கல்லும் சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் ஒரு விஷயம். 1983-இல் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் மெயின் கேபிளை மாற்றிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை கிரைண்டரை நான்தான் போட்டேன். பொறி கீழே போகாமல் மேலே என் முகத்தைப் பார்த்து வந்தது. இரண்டு வயர் இடம் மாறி மெஷின் பின்பக்கமாகச் சுற்றுகிறது என்று புரிவதற்குள் நாலைந்து தடவை போட்டுப் போட்டு நிறுத்தியிருந்தேன். வலது பக்கக் கல் தள்ளாட ஆரம்பித்தது. நட்டு கழன்றுகொண்டிருக்கிறது! நிறுத்திவிட்டு ஒதுங்கி, கல் நிற்கும்வரை சுவரோடு ஒட்டி நின்றேன்.

வலது பக்கம் சாதாரண மரை, இடது பக்கம் இடது மரை. கல் சரியாகச் சுற்றும்வரை ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் நட்டு இறுகும், எதிர்த்திசையில் சுற்றினால் இளகும். அதனால் கேபிள், மீட்டர், ஸ்டார்ட்டர் எதைத் தொட்டாலும், அதன்பின் முதல் தடவை மெஷினை ஒரு நொடி மட்டும் தட்டிவிட்டு, கல்லின் முன்பக்கம் கீழ்நோக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். கல் மாற்றும்போதும் இதே கணக்கு உதவும். இடமோ வலமோ, ஸ்பானரின் மேல்முனை உங்களை நோக்கி வந்தால் நட்டு கழலும்.

சரி, இனிமேல் கல். மெஷினோடு வருகிற சாம்பல் நிறக் கல்லை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் அதிகம். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, மெஷின் வாங்கும் அன்றே நல்ல கல் ஒன்றும், மழுங்கின கல்லின் முகத்தைச் சீவிப் புதுப்பிக்கிற டிரஸ்ஸர் ஒன்றும் வாங்குங்கள். கல்லின் லேபிளில் 'ஏ 46 எம் 5 வி' என்று இருக்கிறது என்று வையுங்கள். ஏ என்றால் அலுமினியம் ஆக்ஸைடு. 46 என்பது மணலின் அளவு, எண் கூடக்கூட நைஸ். எம் என்பது கல்லின் பிடிமானம். ஏ-யில் தொடங்கி இஸட் வரை போகும், ஏ பக்கம் மிருது, இஸட் பக்கம் கடினம். 5 என்பது மணலுக்கு மணல் எவ்வளவு இடைவெளி என்பது. கடைசி வி, சூளையில் சுட்ட பீங்கான் பிணைப்பு. இதோடு அதிகபட்சச் சுற்று எவ்வளவு என்றும் அச்சிட்டிருக்கும். அது உங்கள் மெஷினின் சுற்றைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் கல்லைத் தொடாதீர்கள்.

பிடிமான எழுத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கடினமான இரும்புக்குக் கடினமான கல் வேண்டும் என்று தோன்றும். உண்மையில் நேர்மாறு. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் பிடிக்கும்போது கல்லின் மணல் சீக்கிரம் மழுங்கிவிடும். மிருதுவான கல் அந்த மழுங்கின மணலை உதிர்த்துவிட்டுப் புது மணலைக் காட்டும். கடினமான கல் உதிர்க்காது. மழுங்கினதை வைத்துக்கொண்டே தேய்த்துச் சூடாக்கும். உங்களுக்கு இடது பக்கம் 36 அல்லது 46 சாம்பல் கல், வலது பக்கம் 60 வெள்ளைக் கல், கே பிடிமானம். இது போதும்.

இரும்புத் தண்டின் நுனியில் கார்பைடுத் துண்டைப் பிரேசிங் செய்து ஒட்டிய டூல் வைத்திருந்தால் பச்சைக் கல் (சிலிக்கான் கார்பைடு) தனியாக வேண்டும். அதில் கார்பைடை மட்டும் காட்டுங்கள். கீழே இருக்கிற இரும்புத் தண்டைச் சாம்பல் கல்லிலேயே கொஞ்சம் அதிகச் சாய்வாக இறக்கிவிட்டால், பச்சைக் கல் இரும்பில் பட்டு வீணாகாது. சூடான கார்பைடைத் தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து லேத்தில் உடையும். எச்.எஸ்.எஸ்.ஸும் நன்றாகச் சூடேறிய பிறகு முக்கினால் முனையில் கீறல் விடும். ஆரம்பத்திலிருந்தே முக்கி முக்கிப் பிடியுங்கள், இல்லையென்றால் கடைசிவரை முக்காமலே பிடியுங்கள்.

இந்த அலுமினியம் ஆக்ஸைடு நமக்குப் புதிதில்லை. தமிழில் குருந்தக்கல் என்பது அதன் இயற்கை வடிவம்தான். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் பூமியிலேயே கிடைத்த கல். அதைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்திருக்கிறார்கள். குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தில் கொரண்டம் வந்தது. 1890-களில் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் சிலிக்கான் கார்பைடைச் செய்தபோது கார்பனையும் கொரண்டத்தையும் சேர்த்து அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். 1954-இல் சென்னையில் முருகப்பா குழுமம் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் பெயரிலும் அந்தக் குருந்தம் இருக்கிறது. திருவொற்றியூரில் செய்த கல்லின் லேபிளில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

கேள்வி: தச்சு வேலை செய்கிறேன். உளியைக் கிரைண்டரில் பிடித்தால் முனை நீலமாகிவிடுகிறது, அப்புறம் ஒரு நாள்கூடக் கூர் நிற்பதில்லை. மெதுவாகச் சுற்றுகிற 1,440 மெஷின் வாங்கினால் தீருமா?
(வாசகர், செங்கோட்டை)

பதில்: பாதி தீரும். உளியும் இழைப்புளியும் பெரும்பாலும் கார்பன் ஸ்டீல். கொல்லர் பட்டறையில் துவைச்சல் போடும்போது எந்தச் சூட்டில் பதம் நிற்கிறதோ, அந்தச் சூட்டைத் தாண்டினால் பதம் போய்விடும். 220, 230 டிகிரியில் முனையில் வைக்கோல் நிறம் வரும். 255-இல் பழுப்பு, 275 வாக்கில் ஊதா, 300-இல் நீலம். நீலம் தெரிந்த இடம் போனது போனதுதான். மறுபடி தண்ணீரில் முக்கினால் திரும்பாது. அந்த நீலம் முடிகிற இடம் வரை தேய்த்து எடுத்தால்தான் உளி பழைய உளி. லேத்காரர்கள் எச்.எஸ்.எஸ். டூலை நிறம் மாறும்வரை பிடிப்பதைப் பார்த்துவிட்டு நீங்களும் பிடித்திருக்கலாம். அது 550 டிகிரி தாங்கும் இரும்பு, உங்கள் உளி தாங்காது.

1,440 சுற்றில் எட்டு இஞ்ச் கல் நொடிக்கு 15 மீட்டர்தான் ஓடும், சூடு ஏறுவது நிதானமாகும். ஆனால் மழுங்கின கல் 1,440-லும் எரிக்கும். அதனால் முதலில் செலவில்லாத வழியைச் செய்து பாருங்கள். உங்கள் கல்லின் முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சர்க்கரை போலக் கரகரவென்று இருந்தால் வெட்டும். கண்ணாடி போல மினுங்கினால் அது தேய்க்கத்தான் செய்யும். டிரஸ்ஸரை ரெஸ்ட்டில் நன்றாக ஊன்றி, லேசாக அழுத்தி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இரண்டு மூன்று தடவை நகர்த்துங்கள். மினுக்கம் போய்ச் சொரசொரப்பு வரும். நட்சத்திரச் சக்கரம் வைத்த டிரஸ்ஸரே உங்களுக்குப் போதும், வைரம் பதித்ததை வாங்கினால் கல்லின் முகம் இன்னும் நேராக இருக்கும். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி உள்ளே போகக்கூடாது.

அடுத்து வெள்ளைக் கல், 60 மணல், ஜே அல்லது கே. இந்த மாற்றம் மட்டுமே உங்கள் குறையில் முக்கால்வாசியைத் தீர்த்துவிடும் என்று நம்புகிறேன்.

நான் உளி பிடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். இடது கை ஆள்காட்டி விரலை உளியின் அடியில், முனையிலிருந்து ஒரு இஞ்ச் தள்ளி, ரெஸ்ட்டின் விளிம்பில் முட்டும்படி வைப்பேன். அந்த விரல் நகரக்கூடாது, அதுதான் கோணம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை, எடுத்துத் தண்ணீர் டம்ளரில் ஒரு முக்கு. விரலில் சூடு உறைத்தால் தாமதம். அதற்கு முன்பே முக்கியிருக்க வேண்டும். முனை மெலிந்து வரும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே இரும்பு இல்லை. அதனால் கடைசி அரை மில்லிமீட்டரைக் கல்லில் எடுக்காதீர்கள். கிரைண்டர் விடுகிற குழிவு அங்கே உதவும். எண்ணெய்க் கல்லில் வைத்தால் முனையும், சாய்வின் பின் ஓரமான குதியும் மட்டும் ஒட்டும், பத்துப் பன்னிரண்டு இழுப்பில் கூர் வந்துவிடும். பின்பக்கம் எழும் பிசிறைத் தட்டையாக வைத்து ஓர் இழுப்பு இழுத்து எடுத்துவிடுங்கள்.

கோணத்துக்குக் கருவி தேவையில்லை. சாய்வின் நீளம் உளியின் தடிமனைப் போல இரண்டு மடங்கு என்றால் 30 டிகிரி. இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேலே போனால் 25. தேக்குக்கு 25 வைப்பேன், வேங்கை, கருவேலம் மாதிரி மரத்துக்கு 30.

கேள்வி: கேட், கிரில் வேலை. ட்ரில் பிட்டைக் கிரைண்டரில் பிடித்தால் 10 மில்லிமீட்டர் பிட் பத்தரை மில்லிமீட்டர் ஓட்டை போடுகிறது. பிட் வளைந்திருக்குமா?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: பிட் வளைந்திருக்காது. முனையில் வெட்டுகிற இரண்டு ஓரங்களை உதடு என்போம். அவற்றில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. அதனால் நடுமுனை நடுவில் இல்லை, பிட் வட்டம் போட்டுக்கொண்டு இறங்குகிறது. சில்லு ஒரு பக்கம் மட்டும் சுருளாக வருகிறதா பாருங்கள், வந்தால் சந்தேகமே வேண்டாம்.

சாதாரண பிட்டின் முனைக்கோணம் 118 டிகிரி. பட்டறையில் இருக்கிற ஆறுபட்டை நட்டுகள் இரண்டை எடுத்துப் பட்டையோடு பட்டை ஒட்டி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் விழுகிற பள்ளம் சரியாக 120 டிகிரி. பிட்டின் முனையை அந்தப் பள்ளத்தில் உட்கார வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சம் கசியாமல் உட்கார்ந்தால் கோணம் சரி. உதடுகளின் நீளத்தை ஸ்கேலில் வைத்துத் தனியாகப் பாருங்கள். உதட்டுக்குப் பின்னால் 8 முதல் 12 டிகிரி இறக்கமும் வேண்டும். அது இல்லாவிட்டால் பிட் இரும்பின்மேல் உட்கார்ந்து தேயுமே தவிர இறங்காது. மழுங்கின எட்டு மில்லிமீட்டர் பிட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் பழகுங்கள். எனக்குக் கை வர ஒரு மாதம் ஆனது.

கேள்வி: என் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கிரைண்டர் வேலையில் கையுறை போட்டுக்கொள்கிறார், கண்ணாடி போடுவதில்லை. சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் கேட்பார்.
(வாசகி, கரூர்)

பதில்: அம்மா, இந்தப் பகுதியை அவர் கையில் கொடுங்கள்.

ஐயா, இரண்டையும் மாற்றிச் செய்கிறீர்கள். பென்ச் கிரைண்டரில் துணிக் கையுறை கூடாது. நூல் ஒன்று ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டினால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். சூடு தாங்காத சின்னத் துண்டைக் கட்டிங் பிளேயரில் பிடிக்காமல் லாக்கிங் பிளேயரில் பூட்டிப் பிடியுங்கள். ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது, மேலே கல்லை மூடியிருக்கிற கார்டின் நாக்குக்கும் கல்லுக்கும் 6 மில்லிமீட்டர். கல் தேயத் தேய இரண்டையும் முன்னே நகர்த்த வேண்டும். நகர்த்தாமல் விட்ட மெஷினில்தான் துண்டு உள்ளே சொருகிக் கல் வெடிக்கிறது. லுங்கியை மடித்துக் கட்டி இறுக்குங்கள், முழுக்கைச் சட்டையானால் மணிக்கட்டில் பட்டன் போடுங்கள்.

கண்ணாடி விஷயம். 1984-இல் ஒரு டூலை ஒரே ஒரு தொடு தொட்டுவிட்டு வரலாம் என்று கண்ணாடி இல்லாமல் நின்றேன். சின்னத் துகள்தான், உறுத்தல்கூட ராத்திரிதான் தெரிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் துகளை எடுத்தார்கள். ஆனால் அது இருந்த இடத்தில் கருவிழியில் துரு வளையம் பிடித்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு தடவை போகவேண்டியிருந்தது. இரும்புத் துகள் கண்ணுக்குள்ளும் துருப்பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தொடுதான் என்றாலும் கண்ணாடி போடுங்கள். மெஷினின் சுவிட்சுக்கு மேலேயே ஆணி அடித்துக் கண்ணாடியைத் தொங்கவிடுங்கள், அதை எடுத்தால்தான் சுவிட்ச் தெரியவேண்டும்.

கேள்வி: சாயங்காலம் ஆனால் எங்கள் ஊரில் வோல்டேஜ் 175-க்கு வந்துவிடும். கிரைண்டர் உறுமுகிறது, சுற்றமாட்டேன் என்கிறது. கல்லைக் கையால் ஒரு சுற்று தள்ளிவிட்டால் ஓடிவிடுகிறது. பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?
(வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: முதலில் கையால் தள்ளுவதை இன்றோடு விடுங்கள். ஓடிவிடுகிற நொடியில் விரல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும்.

மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 175 வந்தால் இழுவை 58 சதவீதம்தான். உங்கள் மெஷின் அந்த எல்லையில் நிற்கிறது. தள்ளினால் ஓடுகிறது என்பது கெப்பாசிட்டர் சோர்ந்திருப்பதன் அடையாளமும்கூட. அதே அளவு எண் போட்ட புதிய கெப்பாசிட்டரை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றிப் பாருங்கள். ஒல்லியான எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதுவே பத்து வோல்ட்டைச் சாப்பிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் போர்டிலிருந்து நேராக எடுங்கள், எர்த்தோடு. பெரிய மோட்டார் இன்னும் அதிகக் கரண்டை இழுத்து வோல்டேஜை இன்னும் இறக்கும். உறுமினால் இரண்டு நொடிக்கு மேல் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், காயில் கருகும்.

கேள்வி: தையல் யூனிட் வைத்திருக்கிறேன். மாதம் இருபது கத்தரிக்கோல் சாணை பிடிக்கக் கொடுக்கிறேன். ஒரு கிரைண்டர் வாங்கி நாங்களே பிடிக்கலாமா?
(வாசகி, திருப்பூர்)

பதில்: வேண்டாம் அம்மா. கத்தரிக்கோலின் இரண்டு அலகும் உள்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். அதனால்தான் வெட்டும்போது ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு போகிறது. பழகாத கை உள்பக்கத்தைக் கல்லில் ஒரு தடவை காட்டினால் அந்தக் குழிவு போய்விடும், பிறகு துணியை மெல்லும். சைக்கிளில் சாணைக்கல் கட்டிக்கொண்டு வருகிறவரிடமே கொடுங்கள். அவர் கையில் இருக்கிற வேலைக்கு நீங்கள் கொடுக்கிற காசு குறைவுதான்.

கேள்வி: அலுமினிய வார்ப்பின் ஓரங்களைக் கிரைண்டரில் தேய்க்கிறோம். கல்லில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வெட்டமாட்டேன் என்கிறது.
(வாசகர், ஓசூர்)

பதில்: நிறுத்துங்கள். அலுமினியம், பித்தளை, செம்பு எதுவும் சாதாரணக் கல்லுக்கு ஆகாது. மணல் இடுக்கில் உருகி ஒட்டி, அந்த இடம் சூடாகி, கல்லே விரிசல் விடலாம். இரும்புத் துருத் தூசியும் அலுமினியத் தூசியும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்க, அதன்மேல் பொறி விழுந்தால் தண்டவாளத்தை வெல்டிங் செய்கிற மருந்து மாதிரி எரியும். அலுமினியத்துக்கு அரம், அல்லது பெல்ட் சேண்டர். இரும்புக்கு வைத்திருக்கிற மெஷினில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் வார்ப்பு உடம்போடு ஒரு 8 இஞ்ச் கிரைண்டர் கிடக்கிறது. கல் இல்லை, 3,000 கேட்கிறார்கள். எடுக்கலாமா?
(வாசகர், போத்தனூர்)

பதில்: பழைய வார்ப்பு மெஷின் என்றால் எனக்கு ஆசைதான். கைக்குக் கனம் தெரிகிற மெஷின் அதிராது. ஆனால் பார்த்து எடுங்கள்.

கார்டு இரண்டும் இருக்கிறதா? கார்டு இல்லாத மெஷினை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கல்லின் இரண்டு பக்கமும் அணைக்கிற ஃபிளாஞ்சுகள் நான்கும் இருக்கவேண்டும். ஒரே விட்டம், கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது. ஒன்று தொலைந்து அதற்குப் பதில் வாஷர் போட்டிருந்தால், அதே அளவில் கடைந்து போட்டுக்கொள்ளும் செலவையும் விலையில் கழியுங்கள். ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. பேரிங் மாற்றுவது பெரிய விஷயமில்லை, ஷாஃப்ட் வளைந்திருந்தால்தான் விட்டுவிட வேண்டும். தாமிரக் கம்பி கருகின வாடை வருகிறதா என்று மோட்டார் மூடியின் ஓட்டையில் மூக்கை வைத்துப் பாருங்கள்.

கல் புதிதாக வாங்கும்போது, ஷாஃப்ட்டின் தடிமனை வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஓட்டை சிறியதென்று கல்லைக் குடைந்து பெரிதாக்கக் கூடாது. கடையிலேயே கல்லின் ஓட்டையில் விரலைவிட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் பக்கவாட்டில் நாலு இடத்தில் லேசாகத் தட்டுங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே காதுதான். 'கிண்' என்றால் முழுக் கல். 'தட்' என்றால் உள்ளே விரிசல், கடைக்காரர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுங்கள். கல்லில் ஒட்டியிருக்கிற காகித வில்லையைப் பிய்க்காமல் மாட்டுங்கள், நட்டைக் கல் நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். முதல் ஓட்டத்தில் கல்லுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஒரு முழு நிமிடம் ஓடவிடுங்கள்.

2,500-க்குக் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.